பின்பக்கமாகக் கரை ஏறிய வண்டி

பூந்தமல்லியிலிருந்து ஆவடிப் பக்கம் மோட்டாரில் போக நினைப்பவர்கள் ஐப்பசி மாதத்தில் மட்டும் போக வேண்டாம். தூரம் ஏழு மைல்தான். நல்ல வெயில் காலத்தில் வெற்றிலை மடித்துப் போட்டு மெல்லுவதற்குள் வந்துவிடும். மழைக்காலத்தில் அது ஏழு மைல் அல்ல, வேறொரு தேசம். எனக்கு அங்கே போகாமல் இருக்க வழியில்லை, அதனால் போனேன்.

நான் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுக்கிறவன். வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் நாள் முழுக்க டிரைவர்கள் நடுவில் நிற்பதால் வண்டிகளைப் பற்றி எனக்கு நிறைய அபிப்பிராயங்கள் உண்டு. அன்று காலை எட்டு மணி வாக்கில் ஆவடிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து உறவுக்காரப் பையன் கன்னியப்பன் முழங்கால் வரை சேறாக ஓடிவந்தான். என் அண்ணன் ஏழுமலையை உழவு மாடு வயிற்றில் குத்திவிட்டது, குடல் தெரிகிறது, வேட்டியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்றான். அம்பத்தூருக்கு அந்தப்பக்கம் தண்டவாளத்தடியில் மண் அரித்து ரயில் நின்றுபோயிருந்தது. மாட்டுவண்டி பூட்டலாமென்றால் அண்ணனிடம் இருப்பது ஒரே ஜோடி. அதில் ஒன்றுதான் குத்தியது. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு மோட்டாரில் கொண்டுபோனால்தான் ஆள் தேறுவான் என்று நாட்டு வைத்தியரே கையை விரித்துவிட்டாராம்.

ஸ்டாண்டில் வாடகைக்கு இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று மாசிலாமணி ஓட்டும் கியர் வண்டி. புதியது, பச்சை நிறம். மற்றொன்று காதர் பாய் ஓட்டும் பழைய மிதி வண்டி; சைக்கிள் இல்லை, அதுவும் மோட்டார்தான். கியர் கம்பியே இல்லாத வண்டிகள் உண்டு என்று கேள்விப்படாதவர்களுக்குச் சொல்கிறேன்: அதில் காலுக்கடியில் மூன்று மிதிகள். ஒன்றை அமுக்கினால் மெதுவாகப் போகும், விட்டால் வேகமாகப் போகும். நடுவில் உள்ளதை அமுக்கினால் பின்னால் போகும். மூன்றாவது பிரேக். கைக்கு ஸ்டீயரிங்கும் பெட்ரோல் விசையும்தான் வேலை.

"இன்னா அண்ணாத்தே, அதப் போயி வண்டின்னு பாத்துகினு நிக்கறே?" என்றான் மாசிலாமணி. "தையல் மிஷின் அது. மேடு கண்டா மூச்சு உட்டுரும். என் வண்டில மூணு கியரு கீது, யானையக் கட்டி இஸ்துகினு போவும்."

காதர் பாய் கோபப்படவில்லை. "ரோட்டுல அவரு வண்டிதான் ராஜா, நைனா. சேத்துல எறங்கினா? கம்பியப் புட்சி, பல்லுக் கடிச்சி, கியர மாத்தறதுக்குள்ள வண்டி ஒக்காந்துரும். என்து அப்டியில்ல. இந்த மிதிய உட்டு அந்த மிதிய அமுக்கினா முன்ன பின்ன ஆடிகினே வெளிய வந்துரும்."

கரையான்சாவடிக்கு அப்பால் ஊர்வரை சேறுதான் என்று கன்னியப்பன் சொன்னான். நான் மிதி வண்டியில் ஏறினேன். பட்டணம் வரை போய்த் திரும்ப வாடகை ஆறு ரூபாய் என்று பேச்சு.

போகிற வழியில் காதர் பாய் சொன்னதெல்லாம் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கரையான்சாவடி தாண்டியதும் ரோடு குழம்பாகிவிட்டது. பருத்திப்பட்டுப் பக்கம் ஒரு லாரி அச்சு வரை புதைந்து நின்றது. அதன் டிரைவர் கியர் கம்பியைப் பிடித்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் வண்டியும் புதைந்தது. பாய் ஆர்மோனியக்காரன் மாதிரி இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றி அமுக்க, வண்டி தொட்டில் போல ஆடி ஆடி வெளியே வந்துவிட்டது. எனக்கு என் புத்தியை நானே மெச்சிக்கொள்ளத் தோன்றியது. கன்னியப்பன்கூட, "மாமா, நல்ல வண்டிதான் புட்சே" என்றான்.

எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. பாதை ஏரிக்கரை மேலேயே வந்து, கடைசியில் செங்குத்தாக ஊருக்குள் இறங்கும். அதில் இறங்கினோம். அண்ணன் கட்டிலில் கிடந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஆனால் நினைவு தெளிவாக இருந்தது. "வந்துட்டியாடா" என்றான். பின் சீட்டில் அவனைக் குறுக்காகக் கிடத்தி, தலையை அண்ணி ராஜம்மா மடியில் வைத்தோம். வெளியே மழை விட்டிருந்தது.

வண்டி இறங்கிய சரிவில் திரும்ப ஏறவேண்டும். பாதி ஏறியதும் இஞ்சின் இருமிவிட்டு நின்றது. பாய் இறங்கி, சீட்டைத் தூக்கி, பெட்ரோல் டாங்கியில் குச்சியை விட்டுப் பார்த்தார். நுனி மட்டும் நனைந்தது.

பூந்தமல்லி வாடகை வண்டிக்காரர்கள் டாங்கியை நிரப்புவதில்லை. வண்டி முதலாளியுடையது, இன்றைக்கு ஒருவர் ஓட்டினால் நாளைக்கு இன்னொருவர். மிச்சம் வைத்தால் அடுத்தவன் ஓட்டிவிடுவான். அதனால் போன இடத்திலிருந்து பட்டண ரோட்டிலுள்ள குமணன்சாவடிப் பெட்ரோல் டெப்போவுக்குத் திரும்பி வரும் அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு, அங்கே மறுபடி ஊற்றிக்கொள்வார்கள். பாய் நல்ல ரோட்டுக் கணக்கில் ஊற்றியிருந்தார். சேற்றில் மெது மிதியை அமுக்கியே வந்ததில் அது பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது.

"கொஞ்சம் கீது நைனா, குமணன்சாவடி வரிக்கும் போதும். ஆனா டாங்கி சீட்டுக்குக் கீய கீது. மேட்டுல மூக்கத் தூக்கினா பெட்ரோலு பின்னால ஒதுங்கிரும், இஞ்சினுக்குப் போவாது. வண்டியத் திருப்பி பின்பக்கமா ஏத்தணும். அப்ப இஞ்சினு கீய, டாங்கி மேல. தானா எறங்கி வரும்."

அவ்வளவு எளிது. இந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஆனால் எங்கள் பெரியப்பா குடையோடு வந்து வண்டிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னா பாய் சொல்றே? உசுரோட கீறவன, பொணம் மாதிரி ஊரப் பாக்க வெச்சு, பின்னாலயே இஸ்துகினு போறதா? அப்படிப் போறவன் திரும்பி வருவானா?"

"அது எங்கே எழுதியிருக்குது பெரிப்பா?" என்று கேட்டேன்.

"எழுதியிருந்தாத்தானா? நீ பூந்தமல்லில நாலு டிக்கெட்டு கியிச்சா எல்லாம் தெரிஞ்சிருமா?"

கூட நின்ற நாலு பேர் தலையாட்டினார்கள். ஆள் பலமிருக்கிறது, முன்பக்கமாகவே தள்ளி ஏற்றிவிடலாம் என்றார்கள். பாய் என்னைப் பார்த்தார். ஊரார் அத்தனை பேர் முன்னால் அந்நிய மனிதர் அவர் என்ன பேசுவார்? தள்ளினோம். பாதி மேட்டில் நின்றது, சறுக்கிக் கீழே வந்தது. ஹாண்டில் போட்டுச் சுழற்றி மறுபடி கிளப்பி, மறுபடி தள்ளினோம். இரண்டாம் முறை சறுக்கியபோது சக்கரம் பாதையோர வாய்க்காலில் இறங்கிவிட்டது. நானும் அந்த நாலு பேரும் தோள் கொடுத்து அதைத் தூக்கி வெளியே வைத்தோம். பெரியப்பாவைப் பிடித்து ஏரியில் தள்ளிவிடலாமா என்றிருந்தது. கட்டியிருந்த வேட்டியையும் மீறி ரத்தம் சீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. காலை மணி பத்தைத் தாண்டியிருக்கும்.

அண்ணிதான் கத்தினாள். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பெரியப்பா எதிரில் வாய் திறக்காதவள்.

"பின்னாலயே போ பாய்! யாரு தடுத்தாலும் ஏத்திகினு போ! ஊருக்கு மூஞ்சி காட்டினா இன்னா, முதுகு காட்டினா இன்னா, எனக்கு இவரு வேணும்!"

சரிவின் அடியில் இருந்த களத்துமேட்டில் வண்டியைத் திருப்பினோம். பாய் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி நடு மிதியை அமுக்கினார். நான் வண்டியின் மூக்கில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே ஏறினேன். இஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. என் முகத்துக்கு நேரே கண்ணாடிக்கு அப்பால் அண்ணனுடைய முகம். அண்ணி அவனை நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்திருந்தாள். அவன் என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலாகக் கீழே பார்த்தான்.

"டேய், கெயக்கு வரப்பு ஒடஞ்சிகீது பாரு," என்றான். "தண்ணி போவுதுடா. நாத்து சாஞ்சிரும். போயி கட்டுங்கடா."

திரும்பிப் பார்த்தேன். உடைந்துதான் இருந்தது. நடவு முடிந்து பத்து நாள்கூட ஆகாத வயல். "கட்டிடறோம்ணா" என்றேன். கன்னியப்பன் அப்படியே மண்வெட்டி எடுக்க ஓடினான்.

கரைமேல் வண்டியை மறுபடி முன்பக்கமாகத் திருப்பி நானும் ஏறிக்கொண்டேன். பாதை சமமாக இருந்தது. பருத்திப்பட்டு தாண்டும்வரை அண்ணன் முனகிக்கொண்டே வந்தான். எனக்கு அந்த முனகல் பெரிய தைரியமாக இருந்தது. குமணன்சாவடியில், பெங்களூர் ரோட்டுக் கூட்டுமுனையில், வண்டியை நிறுத்தி டெப்போவுக்குள் ஓடினேன். டாங்கி நிறைய ஊற்றச் சொன்னேன். பட்டணம் இன்னும் பதினாலு மைல். இனி எங்கும் நிற்கக் கூடாது. பெட்ரோல் டின்னோடு ஆளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, காதர் பாய் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றார். அண்ணி தன் முந்தானையை அண்ணன் முகத்தின்மேல் இழுத்துவிட்டிருந்தாள்.

டெப்போ ஆள் எங்களைப் பார்த்தான். ஊற்றவா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. "ஊத்துப்பா" என்றார் பாய். சொல்லிவைத்தபடி டாங்கி நிறைய ஊற்றினான். வந்த வழியே அண்ணனைத் திருப்பிக் கொண்டுபோனோம்.

பூந்தமல்லியில் இன்றும் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கிறார்கள். "அண்ணாத்தே, அன்னிக்கு என் வண்டில போயிருந்தா ஆளக் காப்பாத்தியிருக்கலாம்" என்கிறான் மாசிலாமணி. அவன் வண்டி அந்தச் சேற்றைத் தாண்டி ஊருக்கே வந்திருக்காது என்கிறார் பாய். இரண்டு பேரும் நிச்சயமாகச் சொல்கிறார்கள். எனக்கு நிச்சயமாக ஒன்றும் தெரியாது. ராத்திரியில் ஒரு பக்கம் புரண்டு படுத்தால் அந்த வண்டி, மறுபக்கம் புரண்டால் இந்த வண்டி.

அன்று பகலில் அண்ணனை வாசலில் இறக்கிக் கிடத்தியதும் பெண்கள் கூடி அழுதார்கள். பெரியப்பா எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாடகையை நீட்டினேன், பாய் வாங்கவில்லை. பெட்ரோலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார்.

அழுகை நடுவே அந்தச் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். டாங்கி நிறைய பெட்ரோலோடு, பின் சீட்டில் ஆளில்லாமல், வண்டி சரிவுக்கு வந்தது. எங்கும் நிற்கவில்லை, திரும்பவில்லை. முன்பக்கமாகவே ஒரே மூச்சில் ஏறி, கரைமேல் போய் மறைந்தது.

"இப்ப ஏறுதே," என்றாள் அண்ணி.