நாலு குழாயும் ஒரே அளவு

ஒர்க்ஷாப்பின் பின்னறைக்குள் கிரீஸ் கையோடு யாரும் நுழைய முடியாது. கார் சொந்தக்காரராக இருந்தாலும் சரி, ஒர்க்ஷாப் சொந்தக்காரராகவே இருந்தாலும் சரி, வாசலில் நின்று, கொண்டுவந்த இன்ஜெக்டரைத் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அது பழைய ஆஸ்பத்திரித் தட்டு. அவரைவிதை மாதிரி வளைந்திருக்கும். உள்ளே ஒரு வெள்ளை மேசை, கண் கூசும் விளக்கு, நாலு கண்ணாடிக் குழாய் பொருத்திய ஒரு மெஷின். மெஷினுக்கு எதிரே முக்காலி. முக்காலியில் அவள்.

பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் இருந்தவள். ஊரார் உடம்பில் ஓடுவதையெல்லாம் குழாயில் பிடித்து, அளந்து, எழுதிக் கொடுத்தவள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த லேபை மூடியபோது பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்தச் சமயத்தில்தான் ஒர்க்ஷாப் நடத்திவந்த கணவர் இந்த மெஷினை வாங்கி வைத்துவிட்டு அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

மெஷினின் வேலை என்னவோ சுலபம்தான். இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் ஊசி. நாலு சிலிண்டருக்கு நாலு ஊசி. நாலையும் மெஷினில் மாட்டிப் பதினைந்து விநாடி பீய்ச்சவிட்டால், கீழே குழாய்களில் எவ்வளவு விழுந்தது என்று தெரிந்துவிடும். நாலு குழாயிலும் ஒரே அளவு விழ வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதானுக்குப் பொறுமை வேண்டும். கணவரிடம் அது மருந்துக்கும் கிடையாது. நின்ற நிலையில் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "எல்லாம் ஒண்ணுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் அவர் மறந்துவிட்டு வந்த வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க, மேலேருந்து பாத்தா உலகமே ஒண்ணுதான். கண்ணை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்க."

"அவ்வளவு தெரிஞ்சா நீயே உக்காந்து பாரேன்."

உட்கார்ந்தாள். ஏழு வருஷமாயிற்று, இன்னும் எழுந்திருக்கவில்லை.

மூன்று தடவை ஓடவிடுவாள். ஒவ்வொரு தடவையும் முக்காலியை விட்டு இறங்கி, முட்டி மடக்கி, கண்ணைத் திரவத்தின் விளிம்புக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். சொல்லிவிட்டு எழுதினால், சொன்னதுதான் எழுத வரும் என்பது அவள் கட்சி. ஒர்க்ஷாப்பில் அவளுக்கு 'லேப்' என்றே பெயர் விழுந்துவிட்டது. வண்டி விட வருகிறவர்களிடம் கணவர், "ரத்தம் எடுத்தாச்சு, ரிசல்ட் நாளைக்கு வரும், வெறும் வயித்தோட இருக்கச் சொல்லுங்க வண்டியை" என்பார்.

கொழுந்தனுக்குப் பெயர் 'லேப்டாப்'. அவள் கல்யாணமாகி வந்தபோது அரை டிராயரோடு சைக்கிள் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தவன். இப்போது இருபத்தெட்டு வயது. இன்ஜினுக்குள் எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை லேப்டாப்பில் திருத்தி எழுதுவதுதான் அவன் வேலை, பொழுதுபோக்கு, பைத்தியம் எல்லாம். "என் கடையில ஒரு லேப் இருக்கு, ஒரு லேப்டாப் இருக்கு. நடுவுல நான் ஒருத்தன்தான் ஸ்பேனர்" என்று கணவர் அலுத்துக்கொள்வார். அலுப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

கொழுந்தனிடம் ஒரு டர்போ கார் இருந்தது. டர்போ என்பது வெளியே போகிற புகையின் வேகத்திலேயே சுழன்று, இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற ஒரு விசிறி. திணித்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போனால் வண்டி பறக்கும். போகாவிட்டால் உள்ளே சூடு ஏறி பிஸ்டன் உருகும். அவன் இரண்டு தடவை உருக்கியிருந்தான். முதல் பிஸ்டனில் விழுந்த ஓட்டையில் சுண்டுவிரல் நுழையும். கணவர் அதைக் கவிழ்த்து வைத்து, ஓட்டையில் பேனா செருகியிருந்தார். இரண்டாவதில் பேனா நிற்காது. அவ்வளவு பெரிய ஓட்டை.

இரண்டு தடவையும் காரணம் ஒன்றுதான். காற்றைக் கூட்டினான், பழைய இன்ஜெக்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் இந்தத் தடவை எல்லாவற்றையும் மாற்றினான். டாங்கில் பெரிய பம்ப். பம்பிலிருந்து இன்ஜின் வரை புது ரப்பர் ஹோஸ். ஐந்தில் இரண்டு பங்கு கூடுதலாகப் பீய்ச்சுகிற நாலு புது இன்ஜெக்டர். அவற்றைப் பெட்டியைப் பிரிக்காமலே கொண்டுவந்து தட்டில் வைத்தான். அவள் மூன்று தடவை ஓடவிட்டு மில்லி கணக்கில் எழுதினாள்: 138, 137, 138, 138. நாலும் அக்கா தங்கை மாதிரி இருந்தன.

"இதுவும் போச்சுன்னா வண்டியை நசுக்குற இடத்துக்கு அனுப்பிடுவேன். அப்புறம் நீயும் லேப்டாப்பை மூடி வச்சிட்டு ஆயில் மாத்திட்டு இரு" என்று கணவர் தம்பியிடம் சொல்லியிருந்தார். கோபத்தில் சொன்னால் பரவாயில்லை. அவர் சாப்பிட்ட தட்டில் கை கழுவிக்கொண்டே, குரல் உயராமல் சொன்னார். அதனால் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்க்கிற பந்தயம். கொழுந்தன் பெயர் கொடுத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் வண்டியை, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும் ரோலரில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். வரும்போதே முகமெல்லாம் பல்.

"அண்ணி, நம்பர் பாருங்க. கோடு போட்ட மாதிரி."

லேப்டாப்பை வாசலில் நின்றபடியே திருப்பிக் காட்டினான். புகைக்குழாயில் இருக்கும் சென்சார் பெட்ரோலும் காற்றும் சரியான கணக்கில் எரிகிறதா என்று சொல்லும். திரையில் அந்தக் கோடு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. கணவரும் வந்து எட்டிப் பார்த்தார்.

"அப்பாடா. இந்தத் தடவை எனக்குப் பேனா ஸ்டாண்டு கிடையாது."

"மொதல்ல கொஞ்சம் பெட்ரோல் பத்தலைண்ணா. மூணு பர்சென்ட் கூட்டினேன். டக்குனு உக்காந்துடுச்சு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பது நின்றது.

"எதுக்குக் கூட்டின தம்பி?"

"பத்தலை அண்ணி. அதான்."

"ஏன் பத்தலை? பம்ப் புதுசு. பிரஷர் சரியா இருக்குன்னு நீதான் சொன்ன. ஊசி எவ்வளவு பீய்ச்சும்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். அதைத்தானே லேப்டாப்ல போட்ட?"

"அதேதான் போட்டேன். மூணு பர்சென்ட் எல்லாம் ஒரு விஷயமா? எல்லா வண்டியிலயும் இருக்கிறதுதான்."

இருக்கிறதுதான். அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த மூன்று அவளுக்குள் பருப்பில் கிடந்த கல் மாதிரி நெருடியது. நாலு ஊசியிலும் மூன்று மூன்று குறைந்தால் பம்பில் ஏதோ கோளாறு. ஒரே ஊசியில் பன்னிரண்டு குறைந்தால்? நாலுக்கும் சராசரி பார்த்தால் அதுவும் இதே மூன்றுதான்.

"பிளக்கைக் கழட்டிப் பாப்போம்" என்றாள்.

கணவர் சலித்துக்கொண்டார். "ரிசல்ட் நார்மல்னு வந்த அப்புறம் நோயாளியை எதுக்கு மறுபடியும் குத்தணும்ங்கறே?"

"நாலு பேர் ரத்தத்தை ஒரே குழாயில ஊத்தி, கலக்கி, சுகர் பாத்தா என்ன வரும்?"

"என்ன வரும்?"

"நார்மல்னு வரும். அதுல ஒருத்தன் மயங்கி வாசல்ல கிடப்பான்." கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "உன் சென்சார் இருக்கிறது நாலு புகையும் சேர்ந்த இடத்துல. அது சொல்றது நாலு பேருக்கும் பொதுவான ரிசல்ட். யாரு பட்டினின்னு அதுக்குத் தெரியாது."

அவன் லேப்டாப்பை மூடினான்.

சொன்ன பிறகுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. ஒரு சிலிண்டர் பட்டினி என்றால், அந்த ஊசி குறைவாகப் பீய்ச்சுகிறது. குறைவாகப் பீய்ச்சுகிற ஊசியைச் சரியென்று எழுதிக் கொடுத்தது யார்? நோட்டில் அவள் கையெழுத்து இருந்தது. லேபில் பதினோரு வருஷத்தில் ஒரு ரிசல்ட்கூடத் திரும்பி வந்ததில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. மனசுக்குள் ஒரு மூலையில் மடித்து வைத்திருந்தாள். பேசாமல் இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரை எல்லோரும் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

இன்ஜின் ஆறியதும் கொழுந்தன், சிலிண்டருக்கு ஒன்றாகத் தீப்பொறி போடும் பிளக்குகளைக் கழற்றினான். வரிசையாகத் துணியில் வைத்தான். ஒன்று, இரண்டு, நாலு ஆகிய மூன்றும் கருமை தட்டிய பழுப்பு. மூன்றாம் நம்பர் மட்டும் கழுவிக் கவிழ்த்த பீங்கான் கிண்ணம்போல வெள்ளை. பெட்ரோல் பத்தாமல் சூட்டில் எரிந்த வெள்ளை.

 அவள் பூதக்கண்ணாடியை எடுத்து மூன்றாம் பிளக்கை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிஸ்டன் உருகத் தொடங்கினால் பிளக்கில் பொடிப்பொடியாக அலுமினியம் மினுங்கும். நோட்டை எடுத்து ஏதோ எழுதினாள். பிறகு சொன்னாள்.

"மினுக்கம் இல்லை. இன்னும் உருகலை."

கொழுந்தன் பம்பரில் உட்கார்ந்துவிட்டான். மலைமேல் முழு வேகத்தில் ஐந்து நிமிஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாலு இன்ஜெக்டரும் தட்டில் வந்தன. அவள் மெஷினில் மாட்டினாள். பதினைந்து விநாடி. இறங்கினாள், முட்டி மடக்கினாள், பார்த்தாள், எழுதினாள். மறுபடியும். மறுபடியும். மூன்றாவது தடவை முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"சொல்லும்மா" என்றார் கணவர்.

"நூத்திமுப்பத்தெட்டு, நூத்திமுப்பத்தேழு, நூத்தியிருபத்தொண்ணு, நூத்திமுப்பத்தெட்டு."

"அப்போ அன்னிக்கு எடுத்தது?"

"நூத்திமுப்பத்தெட்டுன்னு எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்கேங்கறே."

அவர் குத்திக்காட்டவில்லை. ஆனால் குத்தியது. முதல் தடவையாக அந்த அறையில் அவளுக்கு வியர்த்தது. அன்றைக்குச் சரியாகப் பார்த்தோமா, அவசரத்தில் வழக்கமான நம்பரை எழுதிவிட்டோமா? நோட்டைப் புரட்டினாள். மூன்று தடவை ஓடவிட்ட மூன்று வரி இருந்தது, மூன்றாம் ஊசிக்கு நேரே. 138, 138, 138. இதே கைதான். இதே கண்தான். நம்பலாமா என்பதுதான் தெரியவில்லை.

லேபில் ரிசல்ட் சந்தேகமாக வந்தால் முதலில் நோயாளியைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், மெஷினையும் சொல்ல மாட்டார்கள். ரத்தம் எந்த வழியாக வந்தது என்று பார்ப்பார்கள். ஊசி, டியூப், மூடி. அவள் மூன்றாம் இன்ஜெக்டரைக் கவிழ்த்தாள். பெட்ரோல் நுழைகிற வாயில் மாத்திரை அளவுக்கு ஒரு சின்ன வடிகட்டி இருக்கும். அதில் மெல்லிய திருகாணியைத் திருகி, மெதுவாக வெளியே இழுத்தாள். வெள்ளைக் காகிதத்தில் தட்டினாள்.

கறுப்பாக மூன்று நாலு துணுக்கு விழுந்தது. எள்ளைவிடச் சின்னது. நகத்தால் அழுத்தினாள். அமுங்கி, எழுந்தது.

"ரப்பர்" என்றாள்.

கொழுந்தன் வாசற்படியைத் தாண்டி, கிரீஸ் கையோடு உள்ளே வந்து குனிந்து பார்த்தான். அவள் தடுக்கவில்லை.

"ஹோஸ்" என்றான். குரல் இறங்கிவிட்டது. "ஹேக்சா பிளேடு வச்சு அறுத்தேன் அண்ணி. அறுத்த உடனே காத்தடிச்சு ஊதணும். பந்தயக் கமிட்டில இருந்து போன் வந்துச்சு... பேசிட்டு வந்து அப்படியே மாட்டிட்டேன்."

வழியில் இருக்கிற பெட்ரோல் ஃபில்டரைத் தாண்டி, இன்ஜினுக்கு முன்னால் மாட்டிய துண்டு அது. அதிலிருந்து புறப்பட்ட எதுவும் ஊசியின் வாயில்தான் போய் நிற்கும்.

அவளுக்குள் பெருமூச்சு ஒன்று எழுந்தது. தன் கை தப்பவில்லை. அந்த நிம்மதி முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒருவன் முகம் செத்து நிற்கும்போது நிம்மதிப்படுவது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

கணவர் காகிதத்திலிருந்து தம்பி பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

"பம்ப் மாத்துவான், ஊசி மாத்துவான், லேப்டாப்ல ராத்திரி பகலா கணக்குப் போடுவான். ஊதறதுக்கு மட்டும் மூச்சு இருக்காது."

"என் தப்புதாண்ணா."

"தெரியுது. வண்டியைக் கிளப்பினப்ப தெரியலையேன்னுதான் பாக்கறேன்." அதோடு விட்டுவிட்டு முன்பக்கம் போனார். போகிற போக்கில் காற்றடிக்கும் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டுப் போனார். அதன் இரைச்சல் அறையை நிரப்பியது. 

அன்று சாயங்காலம் மூவரும் அந்த வண்டியோடுதான் இருந்தார்கள். ஹோஸைக் கழற்றி ஊதினார்கள். பெட்ரோல் போகிற வழி முழுக்கக் கழுவினார்கள். நாலு ஊசிக்கும் புது வடிகட்டி போட்டாள். இரண்டாவதிலும் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது, இன்னும் அடைக்கவில்லை, அவ்வளவுதான். மெஷினில் ஓடவிட்டபோது நாலு குழாயும் ஒரே அளவில் ஏறின. அவள் எழுதிவிட்டு, நோட்டைத் திருப்பிக் கொழுந்தனிடம் காட்டினாள். மட்டத்துக்குக் கண்ணை இறக்கி அவனும் பார்த்தான்.

சனிக்கிழமை காலை, கூட்டியிருந்த மூன்று பர்சென்டை அழித்துவிட்டு ரோலரில் ஏற்றினான். கோடு தானாகவே வந்து உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தம்பியும் விடிவதற்குள் கிளம்பிவிட்டார்கள். அவள் போகவில்லை. ஒரு வேனின் ஆறு இன்ஜெக்டர் மேசையில் காத்துக் கிடந்தது; நாலு குழாய் மெஷினில் ஆறைப் பார்ப்பதென்றால் இரண்டு பந்தி. முதல் பந்தி முடிந்து எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எழுதி முடித்துவிட்டுத்தான் எடுத்தாள்.

"அண்ணி, மேல போயிட்டுக் கீழேயும் வந்தாச்சு!"

"எத்தனாவது?"

"பதினொண்ணு."

"எத்தனை பேர்ல?"

"அது எதுக்கு இப்போ... பதினாலு."

பின்னால் கணவர் சிரிப்பது கேட்டது.

"இன்ஜின்?"

"ஓடுது அண்ணி. இப்பவும் ஓடிட்டுத்தான் இருக்கு, சத்தம் கேக்குதா? இறங்கினதும் ஆறவிட்டு மூணாம் நம்பர் பிளக்கைக் கழட்டிப் பாத்துட்டேன். பிஸ்கட் கலர்ல இருக்கு."

"மத்த மூணு?"

எதிர்முனையில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"ஆறட்டும் அண்ணி," என்றான், "பாத்துட்டுக் கூப்பிடறேன்."