எண்ணெய் டின்னில் பூண்டுத் தழை

பிள்ளைகளா, நேற்று சீனக் கடை வரிசையில் நடக்கும்போது, "இவங்கள்லாம் எப்பப்பா இங்க வந்தாங்க?" என்று கேட்டீர்கள். எல்லார் கதையும் எனக்குத் தெரியாது. அங்கே யாரோ பூண்டு வதக்கிய வாசனையில் ஒரு குடும்பம் வந்த கதை மட்டும் ஞாபகம் வந்தது.

நீங்கள் ஊரில் அம்மாவோடு இருந்த காலம். நான் அபுதாபி பக்கம் முசஃபாவில் வெல்டர். எங்கள் கேம்புக்கு எதிரே லின் என்ற சீனக்காரர் டார்ச், கையுறை, செருப்பு விற்கும் சின்னக் கடை போட்டார். அவருக்கும் இந்தி அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் நன்றாகவே புரிந்தது. அவர் சித்தப்பா மலேசியாவில் கடை வைத்திருந்தாராம், மாமா ஆப்பிரிக்காவில். "லீவு எப்ப?" என்று கேட்டால் முழிப்பார். எனக்கு அதுதான் புதிர். நாங்கள் வந்து இறங்கிய அன்றே லீவைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்கள். சட்டை மாட்ட ரூம் சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. விட்டுப் போகப்போகிற இடம்தானே!

ஒரு கோடையில் அவர் மனைவி வந்தார். ஒரு மாதம் இருந்து பார்ப்பார், பிடிக்காவிட்டால் திரும்பிவிடுவார் என்று பேச்சு. அவர் போனால் லின்னும் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். பாவம், மனுஷன் கடைக்கு இரண்டாவது ஏசி மாட்டினார்.

"ஏலே, இந்த வெக்கைல அக்கா ஒரு வாரம் தாங்காது," என்றான் ரூம்மேட் செல்வம்.

"அந்த வெக்கையிலயும் சுடுதண்ணிதானல குடிக்கு. அது தாங்கும்," என்றேன்.

அக்கா சிரிக்கவே மாட்டார். வாசலில் நின்று தெருவையே பார்ப்பார். அவர் திரும்ப வேண்டிய பிளைட் நாளன்று சாயங்காலம், கடை பூட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனோம். திறந்திருந்தது. அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலி எண்ணெய் டின்னில் மண்ணை நிரப்பிப் பூண்டுப் பற்களை ஊன்றிக்கொண்டிருந்தார். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு நேரே டின்னை நகர்த்தி வைத்தார்.

"நஹி கயா?" என்றேன். போகலையா?

லின் முகமெல்லாம் பல். "நஹி, பாய். பச்சா பீ ஆயேகா." சீனாவிலிருந்து பிள்ளையும் வரப்போகிறதாம்.

"நம்ம அக்கா ஜெயிச்சிட்டுல," என்றான் செல்வம், தோற்றவன் அவன் இல்லை என்பதுபோல.

இப்போது அந்தக் கேம்ப் இல்லை, கடையும் இல்லை. ஊருக்குப் பேச வரிசையில் நின்ற போன் பூத்தும் இல்லை. அன்று செல்வத்தை ரூமுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பூத்தில் தனியாக நின்று உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"பிள்ளைங்க ஸ்கூல்ல டி.சி. கேட்டா, உடனே குடுப்பாங்களா?"