பேர் போட மறந்த கட்டளை

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் லிஃப்டை இயக்குபவர் அவர். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம், அந்தப் பெட்டிக்குள் சின்ன ஸ்டூலில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பார். பொத்தானை விரல் நுனியால் அழுத்தமாட்டார். மடக்கிய விரலின் முட்டியால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய், இரண்டு மாடிகளுக்கு நடுவே நாங்கள் இருவரும் மாட்டிக்கொண்டோம். நான் கதவைத் தட்டினேன், கத்தினேன்.

"ஜெனரேட்டர் போடுவாய்ங்கண்ணே," என்றவர் செல்போனை எடுத்து விளையாட ஆரம்பித்துவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் எட்டிப் பார்த்தேன்.

கட்டம் கட்டமான பச்சை வெளியில் மாடு, ஆடு, கோழி எல்லாம் சிலையாக நின்றன. கட்டளை எழுதினால் அந்த விளையாட்டில் விலங்குகளின் நிறம், உருவம், நடை எல்லாவற்றையும் மாற்றலாமாம்.

"ஏன் எதுவும் அசையல?" என்றேன்.

"ஒரு காளை மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சுண்ணே. அத நிப்பாட்டத்தான் கட்டளை போட்டேன். அதோட பேரைப் போட மறந்துட்டேன். அம்புட்டும் நின்னுபோச்சு. இப்பத் தெனம் ஒண்ணு ரெண்டா அவுத்து விடுறேன்."

"மொத்தத்தையும் ஒரே கட்டளையில விட்டுறலாமே?"

"விடலாம்ணே." முட்டியால் திரையைத் தட்டினார். ஒரு கோழி நடக்கத் தொடங்கியது. "விட்டுட்டா, நாளைக்கு இதுக்குள்ள உக்காந்து நான் என்ன செய்ய?"

விளக்கு எரிந்தது. நான் நாலாவது மாடியில் இறங்கினேன். துணி எடுத்துக்கொண்டு படி வழியாகவே கீழே வந்துவிட்டேன். அந்தக் காளையை எப்போது விடுவார் என்று கேட்டிருக்கலாம்.