தூரம் கேட்கக் கூடாத மலை

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, என் மகளின் கட்டிலில் மகளுக்குப் பதிலாக ஒரு கடிதம் கிடந்தது. தலையணையின் நடுவில், மடிப்புக் கலையாமல், மிகச் சௌகரியமாக.

"அம்மா, அப்பா, நான் இங்காவோடும் பீட்டரோடும் சிவனொளிபாத மலைக்குப் போகிறேன். நாளைப் பின்னேரம் வந்துவிடுவேன். பயப்பட வேண்டாம்."

பயப்பட வேண்டாம் என்ற இடத்துக்கு வந்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

இது நடந்தது 1978இல். பெல்மதுளைக்கு மேலே நான்கு மைல் ஏறினால் வரும் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் கணவர் டீமேக்கர், அதாவது தொழிற்சாலைப் பொறுப்பாளர். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. ஊர் யாழ்ப்பாணம் என்றாலும் பத்தொன்பது வருடமாக இந்த மலையில்தான் காலமும் தூரமும் வேகமும் கற்பித்து வந்தேன். சுகந்திக்கும் பத்தொன்பது வயது. பல்கலைக்கழக முடிவுக்காகக் காத்திருந்தாள்.

இங்காவும் பீட்டரும் டென்மார்க்கைச் சேர்ந்தவர்கள். தோட்டத்துக் குறுக்குவழி மலைக்குப் போகிறது என்று யாரோ சொன்னதை நம்பி, தங்கள் உயரத்தில் முக்கால் பங்கு மூட்டையை முதுகில் சுமந்தபடி, வியாழன் மாலை எங்கள் கொய்யா மரத்தடியில் வந்து நின்றார்கள். எந்த வழியாக வந்தீர்கள் என்று என் கணவர் கேட்டார். சுகந்தி உலகப் படத்தை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். டென்மார்க்கில் தொடங்கிய இங்காவின் விரல் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் என்று பாதி ஆசியாவைத் தாண்டி, இராமேஸ்வரத்தில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, எங்கள் இடியப்பத் தட்டின் ஓரத்தில் வந்து நின்றது. ஏழு மாதப் பயணமாம். விரல் போன வழியெல்லாம் சுகந்தியின் கண்ணும் போனது. அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். நானோ பீட்டருக்கு இரண்டாம் தடவை பச்சை மிளகாய்ச் சம்பல் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

7.10. கணவர் விடியுமுன்பே தொழிற்சாலைக்குப் போயிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அவர் வரும்வரை காத்திருக்க என் நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. கல்யாணமாகாத பிள்ளை, முன்பின் தெரியாத இரண்டு பேர், அட்டைக்கடி, பள்ளத்தாக்கு, யானை. பொலிசில் காட்ட வேண்டி வந்தால் உதவும் என்று கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளை மடுவத்துக்கு ஓடினேன். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அங்கே ஆயாவாக இருக்கும் ராக்காயி அந்த மலையை நான்கு தடவை ஏறியவள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நானோ சிங்களத்தில் மீன் வாங்குவேன், அவ்வளவுதான்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் மறு கேள்வி கேட்கவில்லை. குழந்தைகளைத் தன் மருமகளிடம் ஒப்படைத்தாள். உள்ளே போய், வெள்ளைச் சேலை, தேங்காய், கற்பூரம் எல்லாம் அடுக்கிய பையோடு இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தாள். காணாமற்போன பெண்ணைத் தேடுவதற்குத் தேங்காய் எதற்கு என்று அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

8.05. பெல்மதுளையிலிருந்து இரத்தினபுரி பன்னிரண்டு மைல். கட்டணம் எழுபத்தைந்து சதம். கண்டக்டரிடம் என் கதையைச் சொன்னேன். அடுத்த இருக்கைக்காரர் பெலிகுலோயாவில் யானை துரத்திய தம் மைத்துனரின் கதையைச் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

10.50. இரத்தினபுரியில் பஸ் மாறி, இன்னும் ஒரு பன்னிரண்டு மைல் குலுங்கி, மலையடிவாரமான பலாபத்தலையில் இறங்கினோம். அட்டைக்கு எதிராகக் காலில் பூசுவதற்குத் தேநீர்க்கடையில் சவர்க்காரம் வாங்கினேன். ராக்காயி ஊன்றுகோல் பார்க்கக் கடையின் பின்பக்கம் போனாள். போனவள் கோல் இல்லாமலே விரைந்து திரும்பினாள்.

"வாங்க டீச்சரம்மா, வெயில் ஏறிரும். வெரசா போயிருவோம்."

முதல் அரை மணி நேரம் படிகளை எண்ணினேன். எண்ணூற்றுப் பன்னிரண்டில் மூச்சு வாங்கியது. இறங்கி வந்த ஒரு கூட்டத்தைக் காட்டி, "இன்னும் எவ்வளவு தூரமாம் எண்டு கேளும், ராக்காயி," என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "அதைக் கேக்கப்படாதுங்க."

"ஏன்?"

"இந்த மலையில எவ்வளவு தூரம்னு கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்னு பேசவே கூடாதுங்க. பேசினா தூரம் கூடிப் போகும்."

தூரத்தையும் நேரத்தையும் வைத்துப் பிள்ளைகளை மிரட்டிப் பிழைக்கும் என்னிடம் இதைச் சொன்னாள். நான் கேட்பதாக இல்லை. கையிலிருந்த சொற்ப சிங்களத்தைத் திரட்டி, இறங்கி வந்த பெரியவரிடம் நானே கேட்டேன். அவர் பரிவோடு என்னைப் பார்த்து, "கருணாவை" என்றார். கருணை உண்டாகட்டும் என்று பொருள். அடுத்தவரும் அதையே சொன்னார். அவருக்குப் பின்னால் வந்த பதினெட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். நிறைய ஆசி கிடைத்தது. ஒரு மைல்கூடக் கிடைக்கவில்லை.

இரண்டு வெள்ளைக்காரரையும் ஒரு தமிழ்ப் பெண்ணையும் கண்டார்களா என்று கேட்கச் சொன்னேன். அதைக் கேட்கத் தடையில்லை. ராக்காயி நீளமாக ஏதோ கேட்டாள். அவர்கள் நீளமாகப் பதில் சொன்னார்கள். "பாக்கலையாம்," என்று ஒரு சொல்லில் முடித்தாள்.

நான் பயத்தில் ஏறினேன். முழங்கால் என்று ஒன்று இருப்பதையே மறந்து ஏறினேன். கரவனெல்லயிலிருந்து வந்த ஒரு யாத்திரைக் கூட்டம், வழிநெடுக மலையேறும் பாட்டுப் பாடிக்கொண்டு, எங்களோடு சேர்ந்தது. அதன் தலைவர் இறப்பர் தோட்டத்தில் பால்வெட்டுபவர். நான் முதல் தடவை ஏறுகிறேன் என்று ராக்காயி சொன்னதும், கூட்டத்திலிருந்த பெண்கள் என்னைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். ஓடையில் முகம் கழுவ வைத்தார்கள். வாயில் கருப்பட்டித் துண்டு திணித்தார்கள்.

2.15. நீலிகல என்ற இடம். பாதை ஓரத்தில் பெரும் பள்ளம். முன்னொரு காலத்தில் நீலி என்ற பெண் அதில் விழுந்தாளாம். அங்கே போகிறவர்கள் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பள்ளம் திருப்பிக் கூப்பிடும். கூட்டம் முழுவதும் விளிம்பில் நின்று, "நீலி!" என்றது. எதிர்மலை மூன்று தடவை பதில் சொன்னது.

எனக்கு வேறு பெயர்தான் வாயில் வந்தது. "சுகந்தி!" என்றேன். பால்வெட்டுத் தலைவர் என்னைப் பார்த்தார். ராக்காயியிடம் ஏதோ கேட்டார். பிறகு தம் ஆட்களை நோக்கிக் கையை உயர்த்தினார். முப்பது தொண்டைகள் ஒன்றாக, "சுகந்தி!" என்றன. மலை அதையும் மூன்று தடவை சொன்னது.

நான்காவது குரல் எதிர்மலையிலிருந்து வரவில்லை. எங்களுக்குக் கீழே, நாங்கள் ஏறி வந்த பாதையிலிருந்து வந்தது.

"என்னம்மா? ஏன் கத்துறீங்கள்?"

கால் மணி நேரத்தில் சுகந்தி மேலே வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு மூட்டைகளையும் இங்கா சுமந்து வந்தாள். அவளுக்கும் பின்னால், இலுப்பம்பூ நிறத்தில், பீட்டர். விஷயம் இதுதான்: ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் அசையாத அந்த வயிற்றை என் சம்பல் இரண்டு நாள் கழித்து வீழ்த்தியிருந்தது. பலாபத்தலையில் இறங்கியதிலிருந்து வெகுநேரம் அவர் தேநீர்க்கடையின் பின்பக்கத்தை விட்டு அகலவில்லை. மூட்டைகளை அங்கேதான் சாய்த்து வைத்திருந்தார்களாம். நான் முன்பக்கத்தில் சவர்க்காரம் வாங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில்.

நான் ராக்காயியைப் பார்த்தேன்.

"அந்த மூட்டையைக் கண்டனீரோ இல்லையோ?"

"கண்டேங்க," என்றாள், தலையைக் குனியாமல். "அங்கனயே சொல்லியிருந்தா நீங்க பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ல திரும்பியிருப்பீங்க. எனக்கு இது அஞ்சாவது தடவைங்க. மூணு வருசமா லீவு கிடைக்கல. பாப்பா பின்னாடி பத்திரமாத்தானே வருது."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். மூன்று வருடமாக அவள் பை அடுக்கியபடியே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த வசவையும் சேர்த்துச் சுகந்திக்கு வைத்துக்கொண்டேன். ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"அம்மா, அப்பாவுக்குச் சொல்லிப்போட்டோ வந்தனீங்கள்?"

"உன்ரை கடிதத்தைப் பார்த்திருப்பார்தானே."

"கடிதம் எங்கை?"

கடிதம் என் கைப்பையில் இருந்தது.

இங்காவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள்தான் முதலில் சிரித்தாள். இறங்கித் தந்தி அடிக்கலாம் என்றேன். இறங்குவதற்குள் தபாற்கந்தோர் பூட்டிவிடும் என்று சுகந்தி சொன்னாள். அதைத் தூரக் கணக்காகச் சொல்லவில்லை என்று ராக்காயியிடம் உடனே மன்னிப்பும் கேட்டாள். மேலே ஏறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அல்லது இல்லை என்று நான் என்னையே நம்ப வைத்துக்கொண்டேன்.

எரமிட்டிபான மடத்தில் படுத்து எழுந்து, மறுநாள் விடியலில் உச்சிக்குப் போனோம். மலையின் நிழல் முகிலின் மேல் ஒரு கூம்பாக விழுந்திருந்தது. ஓரம் இவ்வளவு நேராக ஒரு கூம்பை நான் கரும்பலகையில் வரைந்ததில்லை. எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை மணி அடிப்பது வழக்கம். நான், சுகந்தி, இங்கா, பீட்டர் ஆளுக்கு ஒன்று. ராக்காயி வெள்ளைச் சேலையில் வந்து ஐந்து அடித்தாள். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஓசை அடங்கும்வரை நின்று நின்று அடித்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை.

வீட்டில் என்ன நடக்கிறதோ என்ற பயத்தோடு இறங்கினேன். ஆனால் முதல் நாள் பயமல்ல. எண்ணிப் பார்க்கக்கூடிய பயம். பீட்டர் கஞ்சி குடித்துத் தேறியிருந்தார். சுகந்தி இங்காவின் மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அது அவளுக்குப் பொருந்தியிருந்ததைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

9.40. நீலிகலவுக்குக் கீழே ஒரு செங்குத்தான திருப்பம். கீழிருந்து ஒருவர் தனியாக ஏறி வந்தார். தொழிற்சாலைக்குப் போடும் சப்பாத்து, காக்கிக் கால்சட்டை, கையில் குடை, வியர்வையில் மங்கிய கண்ணாடி. என் கணவர். பஸ் கண்டக்டரிடம் விசாரித்து வந்தார் என்பதைப் பிறகு அறிந்தோம். நாங்கள் ஐந்து பேரும் அங்கேயே நின்றுவிட்டோம். அவர் எங்களை யாரென்று பார்க்கவில்லை. பார்க்கும் நிலையிலும் இல்லை. குடையை ஊன்றி, மூச்சைப் பிடித்து, இறங்கி வரும் யாத்திரிகர் யாரோ என்று எண்ணிச் சிங்களத்தில் கேட்டார்:

"தவ கொச்சர துரத?" இன்னும் எவ்வளவு தூரமாம்.

ராக்காயி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"கருணாவை," என்றேன்.