பிச்சைக்காரனின் கோட்டு

தையல் டீச்சருக்கு வாரத்தில் ஆறு நாளும் கவலையே இல்லை. கடல் கடந்து வந்து, சம்பளம் வாங்காமல், ஆதரவில்லாத பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கும் வேலை. மெஷின் சத்தத்தில் பொழுது பறந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைதான் எமன். பயிற்சி மையத்துக்குப் பூட்டு. மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், பாஷை புரியாத ஒரு டி.வி. இருந்த ஒரே பாத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். "நீயாவது பேசேன்" என்று சுவரிடம் கேட்டும் பார்த்தாள்.

நாத்தனார் போனில் வந்தாள்.

"என்ன அண்ணி, குரல் கம்மியிருக்கு? அழுதீங்களா?"

"சளிடி."

"சளியா? பேச ஆள் இல்லாத ஊர்ல அண்ணி எப்படி இருப்பாங்கன்னு நான் அண்ணன்கிட்ட அன்னைக்கே கேட்டேன். வந்துடுங்க. கிண்டல் பண்ண மாட்டேன். ரொம்பப் பண்ண மாட்டேன்."

போனை வைத்ததும் பொங்கிப் பொங்கி அழுதாள். ஒரு வருஷம் இருக்கிறேன் என்று வந்தவள்; பாதிகூட ஆகவில்லை. பாதி தைத்து இன்னும் கை வைக்காத சட்டையோடு நிற்கும் மாணவிகளின் முகம் வந்து போனது. ஆனாலும் முடிவெடுத்துவிட்டாள். நாளைக்கே சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பெட்டியை இழுத்துப் போட்டு, துவைத்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போனாள்.

பக்கத்துக் கொடியில் கீழ்வீட்டுத் துணிகள். முழங்கை கிழிந்த கோட்டு. முட்டி கிழிந்த பேன்ட். நார் நாராகத் தொங்கும் ஒரு பாவாடை.

அடக் கடவுளே, இப்படி ஒரு கஷ்டமா! பெட்டி மறந்துபோனது. ஊசி நூலோடு மாடியிலேயே உட்கார்ந்து, கிழிசல் இருந்த இடமே தெரியாதபடி இழையோடு இழை சேர்த்துத் தைத்தாள். மறுபடி கொடியில் போட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் தர்மம் செய்த பூரிப்போடு இறங்கினாள்.

சாயங்காலம் கதவு இடிபட்டது. திறந்தால், பெரிய மீசைக்காரர் ஒருவர் அந்தக் கோட்டைச் செத்த பிள்ளையைப் போல ஏந்தியபடி புலம்பிக்கொண்டிருந்தார். கூடவே கிராப்பு வெட்டிய ஒரு பெண். அவள்தான் அரைகுறை இங்கிலீஷில் விளக்கினாள். கீழே இருப்பது நாடகக் குழு. மீசைக்காரருக்குப் பிச்சைக்காரன் வேஷம். பிளேடு வைத்துப் பார்த்துப் பார்த்துக் கிழித்த உடைகள். இன்னும் கொஞ்ச நேரத்தில் நாடகம்!

"ஐயய்யோ, கிழிச்சதே நீங்கதானா?"

தமிழ் புரியாவிட்டாலும் அவள் முழி புரிந்துவிட்டது. முதலில் சிரித்தது மீசைக்காரர்தான்.

அவர்கள் எவ்வளவு இழுத்தும் அவள் போட்ட தையல் விடவில்லை. கடைசியில் கத்தரிக்கோல் அவள் கைக்கே வந்தது. துணியைக் கிழிப்பதா, நானா! கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிழித்தாள்.

ஊசியும் நூலுமாக அவளையும் மேடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். ராஜா வேஷக்காரரின் சட்டை தொப்பையில் பிய்ந்தது. ஆள் உள்ளே இருக்கும்போதே தைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற ராஜாவைத் தமிழிலேயே திட்டினாள். அவர் பயந்து தலையாட்டினார். நாடகம் முடிந்ததும் கிராப்புக்காரி ஒரு துணிக் குவியலைக் காட்டி, "அடுத்த ஞாயிறு?" என்று கேட்டாள். டீச்சர் வேகமாகத் தலையாட்டினாள்.

அறைக்கு வந்து பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள்.

"இனிமே ஞாயித்துக்கிழமை போன் பண்ணாதீங்க. எனக்கு நேரம் இருக்காது. உங்க தங்கச்சிகிட்டயும் சொல்லிடுங்க."

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் என்னடி பண்றது?"

அந்தக் குரலில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"பீரோவுல கிழிஞ்ச தலையணை உறை கிடக்கு. எடுத்துத் தைங்க."