சாமியை அடிக்கக் கூடாது

பக்கத்து வீட்டில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். மகளின் கணக்கு மார்க்கைப் போனில் பார்த்துவிட்டு நான் கொதித்து எழுந்த நேரம், அங்கிருந்து கற்பூர வாசனை வந்தது.

காசிமேட்டில் எங்கள் ஒற்றை அறை வீட்டிலும் ஒருமுறை இதே வாசனை நிறைந்திருந்தது. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். எனக்கு மார்க் குறைந்தால், லுங்கிமேல் கட்டிய அகலமான பெல்ட்டைக் கழற்றிவிடுவார். அந்தப் பயத்திலேயே பரீட்சை அன்று காலை வாந்தி எடுப்பேன்; படித்ததெல்லாம் மறந்துபோகும்.

எட்டாவது படிக்கும்போது அம்மா எனக்கு மாலை போட்டுவிட்டாள். அதில் பக்தி எவ்வளவு, திட்டம் எவ்வளவு என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. மாலை போட்ட பிள்ளையை, பெற்ற அப்பனே ஆனாலும் "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். கை ஓங்கக் கூடாது.

அந்த நாட்களில்தான் கணக்குத் தாள் வந்தது. பதினோரு மார்க். அப்பாவின் கை பெல்ட்டுக்குப் போனது. என் கழுத்தில் துளசிமணியைப் பார்த்ததும் அங்கேயே நின்றது.

"இன்னா சாமி இது..." என்றார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "சாப்ட்டீங்களா சாமி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த பரீட்சைக்கு வாந்தி வரவில்லை. நாற்பத்தெட்டு நாள் நான் விரதம் இருந்ததாகத் தெருவே சொன்னது. இருந்தவர் அப்பா.

மகள் கதவோரம் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"சாப்ட்டீங்களா சாமி?" என்றேன்.

துப்பட்டாவை விட்டுவிட்டுச் சிரித்தாள். "இன்னாப்பா ஆச்சு உனக்கு? வா, துன்னலாம்."