அடிக்காமல் விட்ட பந்து

சிவகாசிப் பக்கம் பேஸ்பால் ஆடுகிறார்கள் என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பள்ளியில் பெண்கள் அணியே உண்டு. விளையாட்டு ஆசிரியை பேறுகால விடுப்பில் போனதும், கணக்கு டீச்சரான என் தலையில் அந்த அணியைக் கட்டினார்கள். போனில் வீடியோ பார்த்து விதிகளைப் படித்தேன். படித்த பிறகு கை சும்மா இருக்குமா? யார் எத்தனை முறை மட்டை பிடித்தாள், அதில் எத்தனை முறை அவுட்டாகாமல் முதல் பேஸுக்குப் போனாள் என்று எண்ண ஆரம்பித்தேன்.

எண்ணியதில் ஒருத்தி தனியாகத் தெரிந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, ஒல்லியான பெண். பந்து நேராக வந்தால் தட்டுவாள். விலகி வந்தால் மட்டையை அசைக்கவே மாட்டாள். விலகிய பந்து நாலு வந்துவிட்டால், அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதற்கு வாக் என்று பெயர். இவள் பாதி ஆட்டத்தை நடந்தே ஆடினாள், போனவள் பெரும்பாலும் நாலு பேஸையும் சுற்றி வந்து ஒரு ரன்னும் சேர்த்தாள். அதே அணியில் இன்னொருத்தி இருந்தாள். அவள் அடித்தால் பந்து வேலியைத் தாண்டும், மற்ற நேரமெல்லாம் அவுட்.

போட்டி, தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்திருந்த நாட்களில் நடந்தது. வேலை இல்லாத ஊர் முழுக்க மைதானத்தில்தான் இருந்தது. கோப்பை கொடுத்த முதலாளி சரவெடியும் கொடுத்திருந்தார். நல்ல அடி விழுந்தால் ஓரத்தில் ஒரு சரம் கொளுத்துவார்கள். வாக் போகிறவளுக்கு வெடி கிடையாது. எங்கள் ஊரில் சத்தம் கேட்காத எதையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சிறந்த ஆட்டக்காரி பரிசு யாருக்கு என்பதுதான் என் கவலை. அந்தச் சான்றிதழோடு வரும் பெண்ணுக்கு இடமும் இலவச விடுதியும் தருவதாக மதுரையில் ஒரு கல்லூரி சொல்லியிருந்தது. ஒல்லிப் பெண்ணின் அப்பா விஸ்வநத்தத்தில் லோடு ஏற்றுகிறவர். "இலவசமாக் கெடச்சாப் படிக்கட்டும் டீச்சர். இல்லன்னா காலண்டர் கம்பெனிக்குப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். வேலி தாண்டி அடிப்பவளுக்கு அந்தக் கவலை இல்லை. அவள் அம்மா நர்ஸ். அவளும் நர்சிங்தான் என்று வீட்டில் எப்போதோ முடிவாகியிருந்தது.

இறுதி ஆட்டத்தன்று காலையில், பரிசை முடிவு செய்யும் கமிட்டிக்காரர்களிடம் போனேன்.

"அடிச்ச அடிய, மட்ட பிடிச்ச தடவையால வகுத்துப் பாப்போம் டீச்சர். வாக்க அதுல சேக்க மாட்டோம். அம்புட்டுத்தான்" என்றார் ஒருவர்.

"அவுட்டாகாம இருக்கறதும் ஆட்டந்தான சார்? அமெரிக்காவுலயே இப்ப இதையெல்லாம் சேத்துத்தான் பாக்கறாங்க" என்று போனை நீட்டினேன்.

"சும்மா நின்னுட்டு நடந்து போனவளுக்குப் பரிசக் குடுத்தா, ஊர்க்காரன் எங்களச் சும்மா விடுவானா?"

இன்னொருவர் நல்ல மனிதர். "நீங்க சொல்றது கணக்குல சரியாத்தான் இருக்கும் டீச்சர். மேடைல அத எப்படிச் சொல்ல?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அறிவிப்புக்காக மேசையில் வைத்திருந்த பாழாய்ப்போன மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. நாங்கள் பேசிய அத்தனையும் மைதானம் முழுக்கக் கேட்டிருந்தது. அவளுக்கும்தான்.

கடைசி இன்னிங்ஸில் இரண்டு அணியும் சமம், எதிரணி ஆடி முடித்தாயிற்று. மூன்று பேஸிலும் எங்கள் பிள்ளைகள். இன்னும் ஒரு அவுட்டுதான் மீதி. ஒல்லிப் பெண் மட்டையோடு வந்தாள். அன்றைக்கு அவள் கணக்கில் ஒரு அடிகூட இல்லை. வரிசையாக மூன்று பந்து விலகிப் போயின. நாலாவதையும் விட்டால் அவள் முதல் பேஸுக்குப் போவாள், எல்லோரும் ஒரு பேஸ் நகர்வார்கள், மூன்றாவது பேஸில் நிற்பவள் உள்ளே வருவாள், நாங்கள் ஜெயிப்போம். பரிசு போய்விடும். அடித்தால் அந்த ஒரு அடியில் பரிசு கிடைக்கலாம், கேட்சாகி, ஆட்டம் நீண்டு தோற்கவும் செய்யலாம். நான் அடி என்று ஜெபித்தேனா, அடிக்காதே என்று ஜெபித்தேனா, கர்த்தருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

பந்து மட்டை எட்டும் தூரத்தில் கொஞ்சம் வெளியே வந்தது. தோள் ஒருமுறை துடித்தது. விட்டுவிட்டாள்.

மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்தாள். மூன்றாவது பேஸில் நின்றவள் உள்ளே வந்தாள். கூட்டத்தில் சத்தமே இல்லை. ஊதுபத்தியோடு நின்ற வெடிக்காரர் என்னைப் பார்த்து, "முடிஞ்சிருச்சா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம் என்ற பிறகுதான் கொளுத்தினார்.

பரிசு வேலி தாண்டி அடித்தவளுக்குப் போனது. ஒல்லிப் பெண்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கை தட்டினாள். அவள் அப்பா என்னிடம் வந்தார். "செயிச்சது சந்தோசந்தான் டீச்சர். ஒரு பந்தையாவது அடிச்சிருக்கலாம்ல இவ?" நான் விளக்க ஆரம்பித்தேன். டாக்டர் சொல்வதைக் கேட்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மறுநாள் கல்லூரிக்குப் போன் செய்து எல்லாக் கணக்கையும் ஒப்பித்தேன். சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

போன மாதம் திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். காலண்டர் கம்பெனிக்குப் போகிறாளாம். சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. "நல்லா இருக்கீகளா டீச்சர்?" என்றாள். விரல்களில் பசை காய்ந்திருந்தது. பஸ் வந்ததும் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"டீச்சர், அந்தப் பந்து வெளியதான போச்சு?"

"வெளியதாம்மா போச்சு."

"அப்பா இன்னைக்கும் உள்ளதான் வந்துச்சுன்னு சொல்றாக" என்றபடி ஏறிக்கொண்டாள்.

வெளியேதான் போனது. என் கண்ணால் பார்த்தேன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?